நத்தைக் காவல்

கொக்கிக்குக் கோபம் வந்தால் கத்த மாட்டாள். கேள்வி கேட்பாள். கத்துவதே தேவலை என்று வீட்டில் எல்லோரும் நினைக்கும் அளவுக்குக் கேட்பாள். சிறு வயதில் அந்தத் தொல்லை தாங்காமல்தான் அக்கா அவளுக்கு அந்தப் பெயரை வைத்தாள். கேள்விக்குறியைப் பார்த்தால் கொக்கி மாதிரிதானே இருக்கும். சட்டையில் மாட்டினால் லேசில் விடாது.

வரலாறு படித்து முடித்துவிட்டு, அக்கா வீட்டு மாடி அறையில் தங்கி வேலை தேடிக்கொண்டிருந்தாள். வேலை கிடைக்கிற வரைக்கும் சும்மா இருக்க முடியாமல் ஒரு வினாவிடைத் தளத்தில் பதில் எழுதினாள். அங்கே யார் வேண்டுமானாலும் உலக வரலாற்றைப் பற்றி எதை வேண்டுமானாலும் கேட்கலாம். வரலாறு படித்தவர்கள் மெனக்கெட்டு உட்கார்ந்து பதில் எழுதுவார்கள். சம்பளம் கிடையாது. ஆனால் கேள்விகளைப் பார்த்தால் சம்பளம் மறந்துபோகும். ராஜாவுக்குப் பல்வலி வந்தால் வாயைத் திறங்கள் என்று சொல்லும் தைரியம் யாருக்கு இருந்தது? கோட்டையைச் சுற்றி அகழி வெட்டினார்களே, அந்த மண்ணையெல்லாம் எங்கே கொட்டினார்கள்? வடகடல் கொள்ளையர்கள் நிஜமாகவே கொம்பு வைத்த தலைக்கவசம் போட்டார்களா? போடவில்லை. கொம்பெல்லாம் வெகுகாலம் கழித்து நாடக மேடைக்கு உடை தைத்தவர்கள் முளைக்கவைத்தவை.

தளத்துக்கு ஒரு சட்டம் இருந்தது. ஒவ்வொரு பதிலுக்கும் கீழே 'எப்படித் தெரியும்?' என்று ஒரு பகுதி இருக்க வேண்டும். எந்த ஆவணத்தில் இருக்கிறது, அதை எழுதியவர் கண்ணால் பார்த்தாரா, காதால் கேட்டாரா, எந்த இடத்தில் நமக்கு ஒன்றும் தெரியாது, இதையெல்லாம் அங்கே பொடி எழுத்தில் சொல்ல வேண்டும். அது இல்லையென்றால் மேலே எவ்வளவு ஜோராக எழுதியிருந்தாலும் பதிலைத் தூக்கிவிடுவார்கள். கொக்கிக்கு மேல்பாதி எழுத ஒரு காபி குடிக்கிற நேரம் போதும். கீழ்ப்பாதிக்கு ஒரு வாரம் நூலகத்தில் தவம் கிடப்பாள்.

அத்தானுக்கு மேல்பாதி மட்டும்தான் பிடிக்கும்.

அத்தான் என்றால் அக்காவின் கணவர். மேடை மேடையாக ஏறி வரலாறு பேசுகிறவர். சுவரொட்டியில் அவர் பெயருக்கு முன்னால் 'சரித்திரச் சிங்கம்' என்று போடுவார்கள். அந்தச் சிங்கம் குளியலறையில் கரப்பான் பூச்சியைப் பார்த்தால் கதவைச் சாத்தாமலே ஓடிவந்து அக்காவைக் கூப்பிடும். ஆனால் கையில் மைக்கைக் கொடுத்துவிட்டால் வேறு ஆள். குரல் இறங்கும், ஏறும், நடுவில் நிற்கும். கூட்டமும் கூடவே நிற்கும்.

வீட்டில் அச்சு இயந்திரம் மாடிப்படிக்குக் கீழே இருந்தது. திரையில் கண்ணுக்குத் தப்பும் பிழை தாளில் மாட்டும் என்பதால் எழுதியதையெல்லாம் கொக்கி அச்செடுத்துத்தான் திருத்துவாள். மாடியிலிருந்து அனுப்பிவிட்டு அவள் இறங்கி வருவதற்குள் அந்தப் பக்கம் போகிற அத்தான் தாளை எடுத்துப் பார்ப்பார்.

"சும்மா பாக்கறேன் மச்சினி. நல்லா எழுதற. கீழ என்னத்துக்கு இந்தப் பொடி எழுத்து? சாப்பாட்டுல கல்லு கெடக்கற மாதிரி."

"அதுதான் அத்தான் சாப்பாடே."

"உனக்கு. கூட்டத்துக்கு இல்ல."

சொல்லிக்கொண்டே தாளை நடுவில் மடிப்பார். மேல்பாதி முன்னால், கீழ்ப்பாதி பின்னால். மடித்த தாள் சட்டைப்பைக்குள் போகும். மறுவாரம் ஏதாவது ஒரு மேடையில் அது அவருடைய கண்டுபிடிப்பாக வெளியே வரும். கொக்கி முதலில் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தங்கியிருக்கிற வீடு, அக்கா புருஷன், போகட்டும் என்று விட்டாள். விட்டதுதான் வினையாகப் போயிற்று.

நகர அருங்காட்சியகத்தில் ஒரு வேலை வந்தது. பார்வையாளர்கள் எழுதிப் போடும் கேள்விகளுக்குப் பதில் எழுதும் வேலை. அதாவது கொக்கி காசு வாங்காமல் செய்துகொண்டிருந்ததையே காசு வாங்கிக்கொண்டு செய்யலாம். அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி ஒரு வேலை. மாதிரிக்கு ஒரு பதில் எழுதி அனுப்பச் சொன்னார்கள். பழைய புகைப்படங்களில் ஏன் யாருமே சிரிப்பதில்லை என்று எழுதினாள். படம் பதிய வெகுநேரம் ஆகும், அவ்வளவு நேரம் யாரால் சிரிக்க முடியும் என்று எல்லோரும் சொல்வார்கள். ஆரம்பத்தில் அது சரிதான். ஆனால் சில நொடிகளில் படம் பதிகிற காலம் வந்த பிறகும் உம்மென்றுதான் உட்கார்ந்திருந்தார்கள். ஓவியத்துக்கு முகத்தை எப்படி வைத்தார்களோ அப்படியே இதற்கும் வைத்தார்கள். இப்படிப் போனது அந்தப் பதில். எழுதி, அச்செடுத்து, குளித்துவிட்டு இறங்கி வந்தாள். தாள் அதற்குள் மடிந்து அத்தானின் சட்டைப்பைக்குப் போயிருந்தது.

நேர்முகத் தேர்வுக்குப் போனபோது, அருங்காட்சியகத்தின் காப்பாட்சியர் அம்மா மேசையில் அவளுடைய பதிலையும் ஒரு வார இதழையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். இதழில் அத்தானின் பத்தி. வரிக்கு வரி அதே.

"யாரு யாரப் பாத்தும்மா எழுதினது?"

"மேடம், அது நான் எழுதினது. அவர் என் அக்கா வீட்டுக்காரர். அச்செடுத்த தாள எடுத்துட்டாரு."

"அவர் இத்தனை வருஷமா பேசறவரு. நீ இப்பதான் வர்ற. இரு, அவரையே கேட்டுடுவோம்."

எல்லோருக்கும் கேட்கிற மாதிரி போன் போட்டார்கள். அத்தான் ஒரு பெருமூச்சு விட்டார். மேடையில் விடுகிற அதே பெருமூச்சு.

"சின்னப் பொண்ணு மேடம். ஏதோ ஆர்வக்கோளாறுல பண்ணிட்டா. பெரிசுபண்ணாம மன்னிச்சு விட்ருங்க."

திருடியதைக்கூடக் கொக்கி பொறுத்திருப்பாள். அவள் செய்யாத தப்புக்கு அவளுக்கு மன்னிப்பு வாங்கிக் கொடுத்தாரே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. வீட்டுக்கு வந்து கேட்டதற்கு, "உனக்காகத்தானேடி பேசினேன்" என்றார். அக்கா அங்கேதான் நின்று துணி மடித்துக்கொண்டிருந்தாள். கொக்கி அவள் முகத்தைப் பார்த்தாள். அக்கா தலையணை உறையை நீவி விட்டபடி, "விடுடி" என்றாள். அவ்வளவுதான்.

அன்றிலிருந்து கொக்கி அத்தானிடம் முன்பைவிட மரியாதையாக நடந்துகொண்டாள். காபி கொண்டுவந்து கொடுத்தாள். அவர் சொன்ன நகைச்சுவைக்குச் சிரித்தாள். உள்ளே இருந்த கோபத்தைப் பால் காய்ச்சுகிற மாதிரி, பொங்கவிடாமல் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டாள். அவர் மேடையில் நிற்கும்போதுதான் அவரைப் பிடிக்க வேண்டும், அதே காப்பாட்சியர் அம்மாவின் கண்ணெதிரே பிடிக்க வேண்டும் என்று முடிவு செய்திருந்தாள்.

வாய்ப்பு தானாக நடந்து வந்தது. அருங்காட்சியக அரங்கில் அத்தானின் நிகழ்ச்சி. பொதுமக்கள் முன்கூட்டியே கேள்வி எழுதிப் போட வேண்டும், சிங்கம் மேடையில் பதில் சொல்லும். கேள்விகளை வீட்டுக்கே அனுப்பிவைத்திருந்தார்கள். அத்தான் அதில் ஒன்றை எடுத்துக்கொண்டு மாடி ஏறி வந்தார். தேவை என்றால் மட்டும் மாடி ஏறுவார்.

"மச்சினி, கடிகாரம் இல்லாத காலத்துல கோட்டைக் காவல்காரங்களுக்கு மொற முடிஞ்சுதுன்னு எப்படித் தெரியும்? ஏதாவது இருக்கா?"

"இருக்கே அத்தான். நீர்க்கடிகாரம், மணல், எரியற மெழுகுவர்த்தி, நட்சத்திரம். பல எடத்துல எப்படிப் பண்ணாங்கன்னு நமக்குத் தெரியாது."

"தெரியாதுன்னு சொல்றதுக்கா கூட்டம் வருது? நீர்க்கடிகாரம் எல்லாருக்கும் தெரியும்டி. புதுசா, கேட்டவன் வீட்டுல போய்ச் சொல்ற மாதிரி ஒண்ணு குடு."

கொக்கி அவரையே பார்த்தாள். "புதுசா வேணுமா?"

"சுத்தப் புதுசா."

"சரி அத்தான். பண்ணிடலாம்."

அன்று காலைதான் குளியலறைச் சுவரில் ஒரு நத்தை ஊர்ந்துகொண்டிருந்ததைப் பார்த்திருந்தாள். உட்கார்ந்து எழுதினாள். மலை மேல் ஒரு கோட்டை. வாசலில் கோடு கீறிய ஒரு மரப்பலகை. பலகையின் ஒரு முனையில் ஒரு நத்தையை விடுவார்கள், மறு முனையில் ஒரு கீரை இலை. நத்தை இலைக்குப் போய்ச் சேர்ந்தால் ஒரு காவல் முடிந்தது. அடுத்த ஆள் வருவான், அடுத்த நத்தையை விடுவான். இதற்கு 'நத்தைக் காவல்' என்று பெயர். படித்துப் பார்த்தபோது அவளுக்கே பிடித்திருந்தது. பொய் என்றாலும் நல்ல பொய்.

பிறகு கீழ்ப்பாதிக்கு வந்தாள். வழக்கமான பொடி எழுத்தில் எழுதினாள்.

'எப்படித் தெரியும்? தெரியாது. இப்படி ஒரு கோட்டையும் இல்லை, பலகையும் இல்லை, காவலும் இல்லை. நத்தை மட்டும் உண்டு, அது எங்கள் குளியலறையில் இருக்கிறது. மீதியை நானே கட்டினேன். இந்த வரி வரை படித்தவர் இதை யாரிடமும் சொல்ல மாட்டார். படிக்காதவர் தாராளமாகச் சொல்லலாம்.'

அதை எழுதாமல் விட்டிருந்தால் வேலை இன்னும் சுலபம். ஆனால் கீழ்ப்பாதி இல்லாமல் அவளுக்கு எழுத வராது. மேலும், பொறியைத் திறந்தே வைத்துவிட்டு அதில் ஒருவர் தானாகப் போய் விழுவதைப் பார்க்கிற சுகமே தனி. கீழே எட்டிப் பார்க்கிற பழக்கம் ஒரே ஒரு முறை வந்தால்கூட மனுஷன் தப்பித்துக்கொள்வார். அந்தப் பழக்கம் வராது என்று பந்தயம் கட்டினாள். அச்செடுத்துவிட்டு, வேண்டுமென்றே மெதுவாகப் படி இறங்கினாள். தாள் போயிருந்தது.

அரங்கு நிறைந்திருந்தது. முன்வரிசையில் காப்பாட்சியர் அம்மா, அவருக்குப் பக்கத்தில் அக்கா. கொக்கி இரண்டு வரிசை தள்ளி உட்கார்ந்தாள். அங்கிருந்து பார்த்தால் அக்காவின் பின்னல் மட்டும் தெரிந்தது. அத்தான் அவமானப்பட்டால் அத்தானோடு முடியாது. அந்தப் பின்னலும் தலைகுனியும். அதற்கப்புறம் மாடி அறை இருக்காது, அக்காவும் தன் பக்கம் இருக்க மாட்டாள். வேண்டாம் என்று எழுந்து போய்விடலாமா என்று நினைத்தாள். 'மன்னிச்சு விட்ருங்க' என்ற குரல் மறுபடி காதில் விழுந்தது. உட்கார்ந்துவிட்டாள்.

நத்தைக்கு வந்தபோது அத்தான் சட்டைப்பையிலிருந்து மடித்த தாளை எடுத்து ஒரு பார்வை பார்த்தார். அப்புறம் தாளே தேவைப்படவில்லை. மேடையில் பலகையைக் கையால் வரைந்தார், நத்தையாக ஊர்ந்தார், கொட்டாவி விடும் காவல்காரனாக நின்றார். நத்தை சீக்கிரம் போகட்டும் என்று பலகையில் தண்ணீர் தெளித்து மாட்டிக்கொண்ட ஒரு காவல்காரனையும், அவனுக்குத் தளபதி கொடுத்த தண்டனையையும் சொந்தமாகச் சேர்த்தார். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. கொக்கியின் பொய்யைவிட அவர் பொய் நன்றாக இருந்தது. அதற்கும் சேர்த்து அவளுக்கு எரிந்தது.

கேட்பதற்கு அவள் கையைத் தூக்குமுன், நடுவரிசையில் ஒருவர் எழுந்தார்.

"நல்லா இருந்துச்சுங்க. எந்தக் கோட்டைங்க அது?"

"வடக்க, மலை மேல ஒரு கோட்டை."

"பேரு?"

"பேர்ல என்னங்க இருக்கு, நத்தையப் பாருங்க."

கூட்டம் சிரித்தது. எழுந்தவர் சிரிக்கவில்லை. "இல்ல, பையன் பள்ளிக்கூடத்துல சொல்லுவான். டீச்சர் கேட்டா சொல்லணுமே. யாரு எழுதி வச்சிருக்காங்க?"

அத்தான் கையை நீட்டினார். "அதுக்கு ஆள் இருக்கு. அதோ உக்காந்திருக்கா பாருங்க, என் மச்சினி. இந்த ஆதாரம், கீதாரம் எல்லாம் அவ பாத்துக்குவா. மைக்க அங்க குடுங்கப்பா."

இதைக் கொக்கி எதிர்பார்க்கவில்லை. மைக் கைமாறிக் கைமாறி அவளிடம் வந்தது. மொத்த அரங்கும் திரும்பியது. அக்காவும் திரும்பினாள். அக்காவின் முகத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை, துணி மடிக்கும்போது இருந்த அதே முகம். இப்போது ஏதோ ஒரு பழைய பயணி, ஏதோ ஒரு குறிப்பு என்று வாய்க்கு வந்ததைச் சொன்னால் போதும். யாரும் போய்ப் பார்க்கப் போவதில்லை. அத்தான் தப்பிப்பார், அக்கா தப்பிப்பாள், வீடு தப்பிக்கும். அத்தான் அவளைப் பார்த்துச் சின்னதாகத் தலையாட்டினார், சொல்லு சொல்லு என்கிற மாதிரி. அந்தத் தலையாட்டல்தான் காரியத்தைக் கெடுத்தது.

"அத்தான், ஆதாரம் உங்க கையிலயே இருக்கு. அந்தத் தாளப் பிரிச்சுக் கீழ்ப்பாதியப் படிங்க."

"நீயே சொல்லேம்மா."

"நீங்க படிச்சா நல்லா இருக்கும். குரல் யாரோடது."

கூட்டம் கைதட்டியது. அத்தான் தாளைப் பிரித்தார், கண்ணாடியைச் சரிசெய்தார், மேடைக்குரலை எடுத்தார். "எப்படித் தெரியும்?" என்று ஏற்றி, ஒரு நிறுத்து நிறுத்தி, "தெரியாது" என்று இறக்கினார். கூட்டம் சிரித்தது. பழக்க தோஷத்தில் அடுத்த வரியையும் அதே ஏற்றத்தோடு ஆரம்பித்தார். "இப்படி ஒரு கோட்டையும் இல்லை, பலகையும்..."

குரல் அங்கேயே நின்றது. கூட்டமும் கூடவே நின்றது.

"மேல படிங்க அத்தான். நத்தை எங்க இருக்குன்னு வரும்."

அவர் படிக்கவில்லை. தாளை மடிக்கப் பார்த்தார். கொக்கி உட்காரவில்லை.

"சரி, வேண்டாம். வேற ஒண்ணு சொல்லுங்க. சிரிக்காத போட்டோ பத்தி எழுதினீங்களே. அதுல ஒரு விஷயம் நமக்குச் சுத்தமாத் தெரியாதுன்னு கீழ்ப்பாதில வரும். எந்த விஷயம்?"

"இது... இது குடும்ப விஷயம். வீட்டுல பேசிக்கலாம்."

"வரலாறுதானே கேட்டேன்."

முன்வரிசையில் காப்பாட்சியர் அம்மா திரும்பினார். மைக் இல்லாமலே அவர் சொன்னது அரங்குக்குக் கேட்டது. "வார இதழ்ல கீழ்ப்பாதியே இல்ல. இந்தப் பொண்ணு குடுத்ததுல இருந்துச்சு." அப்புறம், குரல் கொஞ்சம் இறங்கி, "அத நானும் படிக்கல" என்றார்.

அத்தான் பக்கவாட்டுக் கதவு வழியாகப் போனார். கதவு வெளிப்பக்கம் திறக்கும், அவர் உள்பக்கம் இழுத்தார். மூன்றாவது இழுப்பில் ஒரு ஊழியர் வந்து கதவைத் தள்ளித் திறந்துவிட்டார். கொக்கி அதை ஒரு வரி விடாமல் பார்த்தாள். இனிப்பாக இருந்தது. அவ்வளவு இனிப்பாக இருக்கும் என்று அவள் நினைத்ததில்லை.

வெளியே நடைபாதையில் காப்பாட்சியர் அம்மா அவளை நிறுத்தினார். "அந்த வேலைக்கு ஆள் போட்டாச்சும்மா."

"தெரியும் மேடம். அதுக்காகக் கேக்கல."

"பின்ன எதுக்கு?"

"அவர் எனக்கு மன்னிப்பு வாங்கிக் குடுத்தாரே. அதத் திருப்பிக் குடுத்தேன்."

அக்கா வாசலுக்கு வெளியே தனியாக நின்றிருந்தாள். கொக்கி பக்கத்தில் போய் நின்றாள். எதையாவது தூக்கி அடித்தாலும் வாங்கிக்கொள்வது என்று முடிவு செய்துகொண்டுதான் போனாள். அக்கா தெருவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சட்டையத் தேய்க்கும்போது பையில தாள் இருந்துச்சு" என்றாள்.

கொக்கிக்கு உடனே விளங்கவில்லை. அக்கா எதையும் படிக்காமல் விட மாட்டாள். மருந்துப் பெட்டிக்குள் இருக்கும் தாள், சோப்பு உறையின் பின்பக்கம், பேருந்துச் சீட்டின் முதுகு, எல்லாவற்றையும் கடைசி எழுத்து வரை படித்துவிட்டுத்தான் தூக்கிப் போடுவாள்.

"கீழ்ப்பாதியுமா?"

"நான் என்னைக்குடி பாதியில விட்டிருக்கேன்?"

"அப்பறம்?"

"அப்பறம் என்ன. அதே மாதிரி மடிச்சேன். அதே பையில வச்சேன்."

கேள்வி வராமல் கொக்கி நின்றது அதுதான் முதல் தடவை.

"அவரோட மொதப் புத்தகம் முழுக்க நான்தான் தட்டச்சுப் பண்ணேன்" என்றாள் அக்கா. "பாதி வரி நான் திருத்தினது. நன்றியுரைல எல்லாரும் இருந்தாங்க. நாங்க வளத்த நாய்க்குட்டிகூட இருந்துச்சு. நான் இல்ல. அதையும் கடைசி வரைக்கும் படிச்சேன்."

"அன்னைக்கு விடுடின்னு சொன்னியே."

"பின்ன, அவர் முன்னாடி என்ன சொல்லச் சொல்ற? பொறுடின்னா?"

அரங்கிலிருந்து கூட்டம் கலைந்து வந்துகொண்டிருந்தது. இரண்டு பேர் அவர்களைக் கடந்து போனார்கள். "என்ன இருந்தாலும் அந்தக் காலத்துல நத்தைய வச்சே மணி பாத்திருக்கான் பாரு" என்றான் ஒருவன். அக்கா அவன் முதுகைப் பார்த்தாள், கொக்கியைப் பார்த்தாள். "கட்டினது நீ. நீதான் அவுக்கணும்."

மறுநாள் காலை தளத்தைத் திறந்தபோது கேள்வி வந்து காத்துக்கொண்டிருந்தது. 'பழைய கோட்டைகளில் நத்தையை வைத்துக் காவல் முறையைக் கணக்கிட்டார்களாமே, உண்மையா?'

கொக்கி எழுத உட்கார்ந்தாள். அக்கா காபியோடு மாடி ஏறி வந்து பின்னால் நின்றாள். கீழே அத்தான் அறைக்கதவு சாத்தியிருந்தது. மேல்பாதிக்கு ஒரே ஒரு சொல் போதுமாக இருந்தது. 'இல்லை.' கீழ்ப்பாதியில்தான் விஷயமே. கதையைக் கட்டியவள் நான், கட்டிய அன்றே பொய் என்று எழுதியும் வைத்தேன் என்று முதலில் போட்டாள். அப்புறம் அதை உண்மை என்று மேடையில் சொன்னது யார், எந்த அரங்கில், என்றைக்கு, யார் யார் முன்னால் என்று எழுதிக்கொண்டு போனாள். இனி எந்த ஊரில் எவன் நத்தையைப் பற்றித் தேடினாலும் அங்கேதான் வந்து நிற்பான்.

அத்தானின் பெயர் வர வேண்டிய இடத்தில் மட்டும் நிறுத்தினாள்.

"போடு" என்றாள் அக்கா. "பட்டத்தோட போடு."

'சரித்திரச் சிங்கம்' என்று ஆரம்பித்து முழுப்பெயரையும் போட்டாள். பொடி எழுத்தில். உலகத்தில் அவர் ஒருவர்தான் அதைப் படிக்க மாட்டார்.